செத்த கோழியும் பிள்ளையின் காய்ச்சலும்: பறவைக் காய்ச்சல் பற்றி ஒரு வாசகருக்குப் பதில்

கேள்வி: தேனி மாவட்டத்தில் கம்பத்துக்கு அருகே வசிக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் இருபது நாட்டுக்கோழிகளும் ஐந்து வாத்துகளும் வளர்க்கிறோம். கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்த சில நாட்களில் எங்கள் கோழிகளில் நான்கு அடுத்தடுத்து நோயில் விழுந்தன. மூன்று செத்துவிட்டன, அவற்றைக் குப்பைமேட்டில் போட்டோம். நான்காவது தலை தொங்கி நின்றபோதே, வீணாகிவிடக் கூடாது என்று மாமியார் அறுத்துக் குழம்பு வைத்தார்; எல்லோரும் சாப்பிட்டோம். இறகு பிடுங்கும்போது ஏழு வயது மகனும் கூட இருந்தான். நேற்றிலிருந்து அவனுக்குக் காய்ச்சலும் இருமலும் இருக்கிறது. இது பறவைக் காய்ச்சலாக இருக்குமா? பறவைக்கு வரும் நோய் மனிதருக்கு எப்படி வருகிறது? மீதிக் கோழிகளையும் முட்டைகளையும் என்ன செய்வது? மழைக்காலத்தில் பரவும் ஃப்ளூ காய்ச்சலுக்கான தடுப்பூசி இதற்கும் பயன்படுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோழிகளைவிட உங்கள் மகனின் நினைவே முதலில் வந்தது. அதனால்தான் அன்று மாலையே தொலைபேசியில் அழைத்து, அவனைத் தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லச் சொன்னேன். அப்போது சொன்னதை, இதே நிலையில் இருக்கக்கூடிய மற்ற வாசகர்களுக்காக இங்கும் எழுதிவைக்கிறேன். வீட்டில் கோழியோ வாத்தோ அடுத்தடுத்துச் செத்து, அவற்றைத் தொட்டவருக்கோ அருகில் இருந்தவருக்கோ அடுத்த பத்து நாட்களுக்குள் காய்ச்சல், இருமல், தொண்டை வலி, மூச்சிரைப்பு, கண் சிவந்து நீர் வடிதல் ஆகியவற்றில் எது வந்தாலும், மருத்துவர் முன் உட்கார்ந்ததும் ‘வீட்டில் கோழிகள் செத்தன, செத்த கோழியைக் கையாண்டோம்’ என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அவராகக் கேட்கட்டும் என்று இருந்துவிடாதீர்கள். நூறு பேர் வரிசையில் நிற்கும் புறநோயாளிப் பிரிவில், காய்ச்சல் என்று வந்த பிள்ளையின் வீட்டில் கோழி இருக்கிறதா என்று கேட்க எந்த மருத்துவருக்கும் நேரம் இருக்காது. அந்தத் தகவல் கையில் இருந்தால்தான் அவர் மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்புவார். ஓசெல்டாமிவிர் என்னும் வைரஸ் எதிர்ப்பு மருந்தை ஆய்வு முடிவு வருவதற்கு முன்பே தொடங்கலாமா என்றும் முடிவுசெய்வார். காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுக்கும்போதுதான் அந்த மருந்து நன்றாக வேலை செய்கிறது. நான் கால்நடை மருத்துவன்; மருந்தையும் அளவையும் தீர்மானிக்க வேண்டியவர் உங்கள் மகனைப் பரிசோதிக்கும் மருத்துவர்தான். கோழியை அறுத்தவர் என்பதால் உங்கள் மாமியாரையும் அதே பத்து நாட்களுக்குக் கவனித்துவாருங்கள்.

இதனால் உங்கள் மகனுக்குப் பறவைக் காய்ச்சல் வந்துவிட்டது என்று நான் நினைப்பதாகக் கொள்ள வேண்டாம். ஏழு வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தால் அது பள்ளிக்கூடத்தில் பரவும் சாதாரண ஃப்ளூவாகவோ வேறொரு சளிக் காய்ச்சலாகவோ இருப்பதற்கே வாய்ப்பு மிக அதிகம். எச்5என்1 என்னும் பறவைக் காய்ச்சல் வைரஸ் இந்தியாவில் மனிதரிடம் உறுதியான நிகழ்வுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. 2021-இல் ஹரியானாவைச் சேர்ந்த ஒரு சிறுவனும், 2025-இல் ஆந்திரத்தின் பல்நாடு மாவட்டத்தில் இரண்டு வயதுப் பெண் குழந்தையும் இந்த வைரஸால் இறந்தார்கள். வாய்ப்பு குறைவு என்பது ஒரு பக்கம் இருக்க, வந்துவிட்டால் ஆபத்து பெரிது என்பதும் உண்மை. 2003 முதல் உலகெங்கும் எச்5என்1 தொற்றியதாக உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவிக்கப்பட்டவர்கள் 900-க்கும் மேற்பட்டோர். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்துவிட்டார்கள். லேசாக நோயுற்றுத் தேறியவர்கள் பலர் இந்தக் கணக்கில் வராமலே போயிருக்கலாம் என்றாலும், மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இந்த எண்ணிக்கையே போதும்.

இனி உங்கள் கோழிகளைப் பார்ப்போம். நான்கு கோழிகளுக்கு வந்தது பறவைக் காய்ச்சலா, நம் ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்றும் ராணிக்கெட் என்றும் சொல்லும் கோழிக்கழிச்சல் நோயா என்று கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. நேரில் பார்த்தாலும் என் கண் மட்டும் போதாது. கழிச்சல் நோயில் பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், இறக்கை தொங்கும், சில நாள் தாங்கிய கோழிக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். பறவைக் காய்ச்சலில் கொண்டையும் தாடியும் வீங்கி நீலம் பாரிக்கும், முகம் உப்பும், காலில் செதில்களுக்கு அடியே இரத்தம் கன்றிச் சிவக்கும், முட்டை ஓடில்லாமல் தோல்முட்டையாக விழும். பல சமயம் இவை எதுவும் தெரிவதற்கு முன்பே, மாலையில் இரை பொறுக்கிய கோழி விடியும்போது கூட்டில் செத்துக் கிடக்கும். புத்தகத்தில் இப்படித் தனித்தனியாக எழுதியிருந்தாலும் கொல்லைப்புறத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தொண்டையிலும் ஆசனவாயிலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, பனிக்கட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். நம் நாட்டில் இந்நோயை உறுதிசெய்யும் இடம் போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வு நிறுவனம். உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற எண்ணுக்கோ சொன்னால் அவர்கள் வந்து எடுப்பார்கள்.

தயவுசெய்து செத்த கோழியை நீங்கள் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராம மருந்தகத்தில் நான் பணியாற்றியபோது, ஒரு பெரியவர் செத்த சேவலை மஞ்சள் பையில் போட்டு, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். மேசைமேல் பையை வைத்தபோது அதன் அடிப்பக்கம் முழுதும் நனைந்திருந்தது. பழுப்பு நிற நீர் மேசை விளிம்பிலிருந்து என் செருப்பின் மேல் சொட்டியது. சேவலின் கொண்டை நாவல்பழ நிறத்தில் தடித்திருந்தது, அலகின் ஓரத்தில் சளி காய்ந்திருந்தது, அதே ஈரம் அவருடைய வேட்டியிலும் விரல்களிலும் இருந்தது. ஆய்வு முடிவு கழிச்சல் நோய் என்றே வந்தது. ஆனாலும் அவர் வழியெல்லாம் பிடித்துக்கொண்டு வந்த கம்பியையும், பக்கத்து இருக்கையில் இருந்திருக்கக்கூடிய குழந்தைகளையும் நினைத்து அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் செய்ததில் தவறான எண்ணம் எதுவும் இல்லை. சேவல் ஏன் செத்தது என்று தெரிந்துகொள்ள அவ்வளவு தூரம் வந்த மனிதர் அவர். வேறு எப்படிச் செய்ய வேண்டும் என்று நாங்கள்தான் அவருக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை.

இந்த வைரஸ் எப்படிப் பரவுகிறது என்பதைப் புரிந்துகொள்ள வாத்திலிருந்து தொடங்க வேண்டும். இன்ஃப்ளுயன்சா வைரஸ்களில் ஏ, பி, சி, டி என நான்கு வகைகள் உண்டு. பறவைகளைத் தொற்றுவது ஏ வகை. அதன் மேற்பரப்பில் முள்முள்ளாக நிற்கும் இரண்டு புரதங்களை வைத்தே எச் என்றும் என் என்றும் எண்ணிட்டுப் பெயர் வைக்கிறார்கள். எச் வகையில் 16-ம் என் வகையில் 9-ம் நீர்ப்பறவைகளிடம் காணப்படுகின்றன. காட்டு வாத்தின் குடலில் இந்த வைரஸ்களில் பெரும்பாலானவை அந்த வாத்துக்கு அதிகத் தொல்லை தராமல் வாழ்கின்றன. எச்சத்தோடு குளத்து நீரில் கலந்து, அதே நீரைக் குடிக்கும் அடுத்த பறவைக்குப் போகின்றன. தண்ணீர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு நாள் வைரஸ் அதில் தாங்கும்: 22 டிகிரி செல்சியஸில் நான்கு நாள் வரை தாங்குவது, உறைநிலையை ஒட்டிய நீரில் முப்பது நாளுக்கு மேலும் தாங்கும். வடக்கே குளிர்நாடுகளில் கூடும் பறவைகள் குளிர்காலத்தில் தெற்கே வரும்போது, சில ஆண்டுகளில் நோயும் அவற்றோடு வருவதற்கு இது ஒரு காரணம். 2005-இல் சீனாவின் சிங்ஹாய் ஏரியில் எச்5என்1 தாக்கி ஆயிரக்கணக்கான வலசைப் பறவைகள் மடிந்தபோது, அவற்றில் மிகுதியாக இருந்தது வரித்தலை வாத்து; இமயத்தைத் தாண்டிப் பறக்கும் அதே இனத்தைத்தான் நாம் குளிர்காலத்தில் நெல்லைச் சீமையின் கூந்தன்குளத்தில் கூட்டங்கூட்டமாகப் பார்க்கிறோம். அந்தப் பறவைகளைப் பகையாக நினைக்க வேண்டாம். நம் வீட்டு வாத்தும் கோழியும் அவை இறங்கும் நீர்நிலையில் மேயாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

வாத்துக்குச் சாதுவாக இருக்கும் வைரஸ் கோழியிடம் கொடியதாக மாறுவது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். வைரஸ் ஓர் உயிரணுவுக்குள் நுழைய வேண்டுமானால், அதன் மேற்பரப்பில் உள்ள எச் புரதத்தை உடலில் உள்ள ஒரு நொதி முதலில் வெட்டித் தர வேண்டும். சாதாரண வகைகளை வெட்டும் நொதி குடலிலும் சுவாசப் பாதையிலும் மட்டுமே இருப்பதால் நோயும் அங்கேயே அடங்கிவிடும். எச்5, எச்7 ஆகிய இரண்டு வகைகள் மட்டும், கோழிப் பண்ணைகளில் ஆயிரக்கணக்கான பறவைகளுக்குள் சுற்றிச் சுற்றிப் பெருகும்போது, உடலின் எல்லா உறுப்புகளிலும் இருக்கும் வேறொரு நொதியால் வெட்டப்படும் வடிவத்தைப் பெற்றுவிடுவது உண்டு. அப்போது ஈரல், மூளை, இதயம் என்று எங்கும் வைரஸ் பெருகி, இரண்டு மூன்று நாளில் கொட்டகையே காலியாகும். இன்று உலகெங்கும் சுற்றும் எச்5என்1 வழித்தோன்றல்களின் முன்னோடி 1996-இல் சீனாவின் குவாங்தொங் மாகாணத்தில் ஒரு பண்ணை வாத்திடம் கண்டறியப்பட்டது. இந்தியாவில் அது முதலில் வெளிப்பட்டது 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிரத்தின் நவாப்பூர்ப் பண்ணைகளில்.

உங்களுக்கு அருகில் உள்ள கேரளத்தின் நிலையும் வாத்தோடு சேர்ந்ததுதான். ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் பரவிய குட்டநாட்டுத் தாழ்வயல்களில் அறுவடை முடிந்ததும் வாத்துக் கூட்டங்களை வயல் வயலாக ஓட்டி மேய்ப்பார்கள். உதிர்ந்த நெல்லும் நத்தையும் தின்று வளரும் அந்த வாத்துகளும் வலசைப் பறவைகளும் ஒரே நீரில் கலக்கின்றன. 2014-இல் எச்5என்1, 2016-இலும் 2021-இலும் எச்5என்8, 2024-இல் மீண்டும் எச்5என்1 என்று அந்தப் பகுதி திரும்பத் திரும்ப அடிபட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு சோதனைச் சாவடிகளில் வண்டிச் சக்கரங்களுக்கு மருந்து தெளிப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். சிலர் இதைக் கண்துடைப்பு என்று நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. காட்டுப் பறவை நோயை ஓர் ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தாலும், அங்கிருந்து பண்ணைக்குப் பண்ணை அதைக் கொண்டுபோவது பெரும்பாலும் மனிதர்கள்தான்: எச்சம் ஒட்டிய செருப்பு, கழுவாத முட்டை அட்டை, கோழிக் கூண்டு ஏற்றிய வண்டி, நோயுற்ற பறவையை அவசரமாக விற்றுத் தள்ளும் வியாபாரம். உங்கள் வீட்டு ஐந்து வாத்துகளையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். வைரஸ் இருந்தும் வாத்து சில சமயம் நலமாகவே உலாவும். அது மூழ்கி எழுந்த தொட்டியில் கோழி தண்ணீர் குடித்தால் கோழி விழும். வாத்துகள் நன்றாக இருக்கின்றன என்பதை வைத்து நோய் இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

பறவையிடமிருந்து மனிதருக்கு வருவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இந்த வைரஸ் உயிரணுவின் மேல் உள்ள சியாலிக் அமிலம் என்ற சர்க்கரைப் பொருளைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே புகுகிறது. பறவையின் குடலில் அந்தச் சர்க்கரை பிணைந்திருக்கும் விதம் ஒன்று, மனிதரின் மூக்கிலும் தொண்டையிலும் பிணைந்திருக்கும் விதம் வேறு. பறவை வைரஸுக்கு முதலாவதுதான் கச்சிதமாகப் பொருந்தும். இன்னொரு தடையும் உண்டு. கோழியின் உடல் வெப்பம் ஏறக்குறைய 41 டிகிரி. அந்த வெப்பத்துக்குப் பழகிய வைரஸ், 33 டிகிரி அளவே உள்ள நம் மூக்கினுள் எளிதில் பெருகாது. ஆனால் பறவைக்கு ஏற்ற பிணைப்பு மனிதருக்கும் சில இடங்களில் இருக்கிறது: நுரையீரலின் அடியாழத்திலும் கண்ணின் மேல்சவ்விலும். அதனால்தான் பெரும்பாலோருக்கு இந்நோய் தொற்றுவதில்லை. தொற்றிய சிலருக்குக் கண் சிவப்போடு நிற்கிறது. சிலருக்கு நேரே நுரையீரலைத் தாக்கி உயிரை எடுக்கிறது. மனிதரிடமிருந்து மனிதருக்கு அது தொடர்ந்து பரவாமல் இருப்பதற்கும் இதுவே முக்கியக் காரணம். வைரஸ் மூக்கிலும் தொண்டையிலும் பெருகினால்தானே தும்மலில் வெளியே வரும்?

அப்படியானால் ஆழம் வரை வைரஸ் போவதற்கு எது வழி செய்கிறது என்று பார்த்தால், உங்கள் வீட்டில் நடந்ததுதான் அதில் முதலிடம் பெறும். நோயுற்ற கோழியைப் பிடிக்கும்போது அது இறக்கையை அடிக்கிறது, காய்ந்த எச்சம் தூசியாகப் பறக்கிறது. அறுக்கும்போது இரத்தம் தெறிக்கிறது. வெந்நீரில் முக்கி இறகு பிடுங்கும்போது முகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குனிந்திருக்கிறோம். குடலை எடுத்த கையால் நெற்றி வியர்வையைத் துடைக்கிறோம். 1997-இல் ஹாங்காங்கில் முதன்முதலாக 18 பேருக்கு எச்5என்1 தொற்றி 6 பேர் இறந்தபோது, விசாரணை கொண்டுபோய் நிறுத்திய இடம் உயிர்க்கோழி விற்கும் சந்தை. அந்த ஆண்டு இறுதியில் நகரத்தின் கோழிகள் அனைத்தையும், ஏறத்தாழ 15 லட்சம் கோழிகளை, சில நாட்களில் அழித்த பிறகு மனிதருக்குத் தொற்றுவது நின்றது.

உங்கள் மாமியாரை இதற்காக யாரும் கடிந்துகொள்ளக் கூடாது. ஆசையாய் வளர்த்த கோழி சாகும் தறுவாயில் இருந்தால், கழுத்தில் கத்தி வைத்துவிட்டால் குழம்புக்காவது ஆகும் என்பது நம் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக வந்த சிக்கனம். வேறு பல நோய்களில் அதனால் பெரிய கேடு வந்ததும் இல்லை. இந்த ஒரு நோய்க்காக அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டியிருக்கிறது. சுணங்கிய கோழியை அறுக்காதீர்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று பிறரிடம் வாங்கவும் வேண்டாம்.

நீங்கள் சாப்பிட்ட குழம்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இந்த வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைக் கரைத்துவிடும், 70 டிகிரி வெப்பம் இறைச்சியின் உட்பகுதி வரை எட்டினால் வைரஸ் அழிந்துவிடும். நம் வீட்டுக் குழம்பு அதற்கு மேலும் நெடுநேரம் கொதிக்கிறது. பறவைக் காய்ச்சல் செய்தி வந்ததும் நாமக்கல் முட்டையின் விலை விழுவதும், நோயற்ற பண்ணைகள் நட்டப்படுவதும் இதைப் புரிந்துகொள்ளாததால் நடப்பவை. சமையலில் கவனிக்க வேண்டியவை வேறு: பச்சை இறைச்சியை வெட்டிய பலகையில் அப்படியே வெங்காயம் நறுக்குவது, கழுவும் நீர் மற்ற பாத்திரங்களின் மேல் தெறிப்பது, அரைவேக்காட்டு முட்டை, உடம்புக்கு நல்லது என்று பச்சை முட்டையை உடைத்துக் குடிப்பது. ஆந்திரக் குழந்தை சமைக்காத கோழித் துண்டைத் தின்றிருந்ததாகச் செய்திகள் வந்தன. நாக்பூருக்கு அருகே கோரேவாடா மீட்பு மையத்தில் 2024 டிசம்பரில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் எச்5என்1 தொற்றி இறந்தபோதும், உணவாகக் கொடுத்த கோழி இறைச்சியின் மேல்தான் சந்தேகம் விழுந்தது. குப்பைமேட்டில் நீங்கள் போட்ட கோழிகளை நாயோ பூனையோ காக்கையோ இழுத்திருந்தால் அதையும் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். பூனைக்கு இந்நோய் மிகக் கொடியது. அமெரிக்காவில் 2024 மார்ச்சில் கறவை மாடுகளின் மடியில் இந்த வைரஸ் கண்டறியப்பட்ட பிறகு, பண்ணைகளில் பச்சைப் பால் குடித்த பூனைகள் மடிந்தன. நாம் பாலைக் காய்ச்சிக் குடிப்பவர்கள். அந்தப் பழக்கத்தை யார் என்ன சொன்னாலும் மாற்றிக்கொள்ள வேண்டாம்.

தடுப்பூசி பற்றிய கேள்விக்கு வருகிறேன். மழைக்காலத்தில் வரும் ஃப்ளூ, மனிதருக்கே பழகிய எச்1என்1, எச்3என்2, பி வகை வைரஸ்களால் வருவது. இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் வெளிவரும் துளிகளிலும், அவை விழுந்த கையிலும் கைக்குட்டையிலும் அது பரவுகிறது; காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே ஒருவர் அதைப் பரப்பத் தொடங்கிவிடுவார். உலகில் ஆண்டுதோறும் 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை இதன் சுவாசக் கோளாறுகளால் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. பறவைக் காய்ச்சலுக்கு நடுங்கும் நாம் இந்த எண்ணிக்கையைப் பொருட்படுத்துவதே இல்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம். இந்த வைரஸ் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக வேடம் மாற்றுவதால் தடுப்பூசியையும் ஆண்டுதோறும் போட வேண்டியிருக்கிறது. அது எச்5என்1-ஐத் தடுக்காது.

ஆனாலும் கோழி வளர்க்கும் குடும்பத்தினர், குறிப்பாக முதியவர்களும் சர்க்கரை நோயாளிகளும் கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும், மருத்துவரிடம் கேட்டு அதைப் போட்டுக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. இன்ஃப்ளுயன்சா ஏ வைரஸின் மரபுப் பொருள் எட்டுத் தனித்தனித் துண்டுகளாக இருக்கிறது. ஒரே ஆளின் உயிரணுவுக்குள் மனித வைரஸும் பறவை வைரஸும் ஒரே நேரத்தில் புகுந்தால், கல்யாண வீட்டுக்கு இரண்டு வீடுகளிலிருந்து வந்த பாத்திரங்கள் திரும்பும்போது மாறிப் போவதைப் போல, அந்தத் துண்டுகள் கலந்து ஒரு புதிய வைரஸ் உருவாகலாம். இது வெறும் அச்சமல்ல. 1957-இல் உலகைச் சுற்றிய ஆசிய ஃப்ளூ வைரஸில் மூன்று துண்டுகளும், 1968-இன் ஹாங்காங் ஃப்ளூ வைரஸில் இரண்டு துண்டுகளும் பறவைகளிடமிருந்து வந்தவை. 1957 மே மாதத்தில் அந்த ஆசிய ஃப்ளூ இந்தியாவுக்குள் நுழைந்தது சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கப்பல் வழியாகத்தான். 2009-இல் நாம் பன்றிக் காய்ச்சல் என்று அழைத்த எச்1என்1-ம் இப்படிக் கலந்து பிறந்ததே. இரண்டு வைரஸ்களும் ஒரே உடலில் சந்திக்கும் வாய்ப்பைக் குறைக்கத்தான் கோழிப் பண்ணைகளில் வேலை செய்பவர்களுக்குப் பருவகால ஃப்ளூ ஊசி பரிந்துரைக்கப்படுகிறது.

தகவல் சொன்னால் அதிகாரிகள் வந்து மீதிக் கோழிகளையும் கொன்றுவிடுவார்கள் என்று அஞ்சியே நீங்கள் இதுவரை மருந்தகத்துக்குப் போகவில்லை என்று தொலைபேசியில் தயங்கியபடி சொன்னீர்கள். அந்த அச்சம் நியாயமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். நோய் உறுதியானால், நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள வளர்ப்புப் பறவைகளை அழிப்பதும், பத்துக் கிலோமீட்டர் வரை கண்காணிப்பதும்தான் நம் நாட்டின் நடைமுறை. அழிக்கும் பறவைகளுக்கு மைய, மாநில அரசுகள் பங்கிட்டு இழப்பீடு தருகின்றன. ஆனால் ஒரு நாட்டுக்கோழி அதன் உரிமையாளருக்கு என்ன மதிப்போ அதற்கு அது ஈடாகாது, கொல்லைப்புறத்தில் பத்துக் கோழி வைத்திருப்பவருக்கு அதைப் பெறுவதும் எளிதாக இருக்க வேண்டும் என்று நான் பணியில் இருந்தபோதே கேட்டுவந்திருக்கிறேன். இருந்தாலும் ஒன்றைக் கணக்கில் கொள்ளுங்கள். உண்மையிலேயே அது எச்5என்1 என்றால், மறைத்தாலும் உங்கள் கோழிகள் பிழைக்கப்போவதில்லை. அக்கம்பக்கத்துக் கோழிகளும் சேர்ந்து போகும், அவற்றை அறுக்கும் கைகளும் கூடும். கழிச்சல் நோய் என்றால், சொன்னதனால் உங்களுக்கு எந்த நட்டமும் இல்லை.

ஆய்வு முடிவு வரும்வரை கோழிகளையும் வாத்துகளையும் வெளியே மேயவிடாமல் தனித்தனியே அடைத்து வையுங்கள். தண்ணீர்த் தொட்டியை இன்றே பிரித்துவிடுங்கள். பறவைகளை விற்கவோ உறவினருக்குக் கொடுத்தனுப்பவோ வேண்டாம். முட்டைகளை எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள், உண்ணவும் அடைவைக்கவும் வேண்டாம். இரை வைப்பதையும் கூடு கூட்டுவதையும் பெரியவர் ஒருவரே செய்யட்டும். மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடி, கையுறை இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையைக் கையில் சுற்றிக்கொண்டு, கூட்டுக்கென்று ஒரு செருப்பை ஒதுக்கிவைத்து அவர் உள்ளே போய்வரட்டும். உலர்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் கூட்டித் தூசி கிளப்பாதீர்கள். முதலில் சோப்பு நீரையோ பிளீச்சிங் பவுடர் கரைசலையோ தெளித்து நனைத்த பிறகு அள்ளுங்கள். வெளியே வந்ததும் இரு கைகளையும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மேலும் ஏதாவது செத்தால் தொடாமல் மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். குப்பைமேட்டில் கிடப்பவற்றையும் சேர்த்து ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்க அவர்கள் வழிகாட்டுவார்கள். உங்கள் மகனைப் பஞ்சாரத்தின் பக்கமே விடாதீர்கள். தன் குஞ்சுகளைப் பார்க்க வேண்டும் என்று அவன் அழுவான், சில நாள் அழட்டும்.

முடிவு கழிச்சல் நோய் என்று வந்தால், எஞ்சிய கோழிகளுக்கும் இனி பொரிக்கும் குஞ்சுகளுக்கும் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை இரண்டு வாரம் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமை ஊர் ஊராக இலவசமாக நடத்துகிறது; அதுவரை காத்திருக்காமல் உங்கள் மருந்தகத்தில் என்றைக்கு ஊசி போடுகிறார்கள் என்று கேட்டு, அதிகாலையில் கோழிகள் கூட்டை விட்டு இறங்குவதற்கு முன்பே பிடித்துக் கூடையில் எடுத்துச் செல்லுங்கள். பறவைக் காய்ச்சல் என்று வந்தால், கூடும் கொல்லையும் மருந்தடித்துச் சுத்தமாகி, மறுபடி வளர்க்கலாம் என்று துறை எழுத்தில் சொல்லும்வரை புதுக் குஞ்சு எதையும் வாங்காதீர்கள். மகனுடைய ஆய்வு முடிவு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.